சூரியனை விழுங்கும் தாய்: எகிப்தின் வான்தேவி நூட் பற்றிக் கேள்வி பதில்

பத்து நாட்களுக்கு முன் ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தேன். ஒரு பெண் வில்லாக வளைந்து நிற்கிறாள். கைவிரல் நுனிகள் ஒரு கோடியிலும் கால்விரல் நுனிகள் மறுகோடியிலும் தரையைத் தொடுகின்றன. அவளுக்கு அடியில் ஒருவன் இரு கைகளையும் உயர்த்தி அவளைத் தாங்குகிறான். அவனுக்கும் கீழே இன்னொருவன் மண்ணில் சாய்ந்து கிடக்கிறான். "இவள் யார்?" என்று ஒருவர் ஆரம்பித்தார், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பேராசிரியை அல்ல. நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். பண்டைய எகிப்து என் ஓய்வுநேரப் பித்து. தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பெயரை எப்படிச் சொல்வது? 'நட்' என்று படித்தேன். என் மகன் "நட்டு, போல்ட்டு" என்று சிரிக்கிறான்.

சிரிக்கட்டும், நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். 'நூட்' என்று சொல்லுங்கள். எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதவில்லை. மெய்யெழுத்துகளின் எலும்புக்கூடுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. இடையில் என்ன உயிர் ஒலித்தது என்பதை ஆய்வாளர்கள் வசதிக்காக நிரப்பிக்கொள்கிறார்கள்.

அவள் பெயரை எழுதும் விதம் அழகானது. ஒரு குட்டைக் குடம், ஒரு சின்ன ரொட்டி, அவற்றுக்குக் கீழே மேசைப் பலகையைப் போன்ற வானக் குறி. குடத்தின் ஒலி 'நு'. ரொட்டியின் ஒலி 'த்', அதுவே பெண்பால் விகுதியும்கூட. அவள் நின்ற கோலத்தில் வரும்போது தலைமேல் அந்தக் குடம் இருக்கும். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்ப் பலகையைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஐசிஸ் தேவியின் தலையில் சிம்மாசனம் இருப்பதும் இதே கணக்குதான்.

கேள்வி: மேடம், எட்டாம் வகுப்புக்கு எகிப்துப் பாடம் எடுக்கிறேன். குடும்ப உறவை மட்டும் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

ஆதியில் ஆத்தும். அவரிடமிருந்து காற்றான ஷூவும் ஈரமான தெஃப்நூத்தும். அவர்களுக்கு மண்ணான கெப் மகன், வானான நூட் மகள். இந்த அண்ணன் தங்கையே கணவன் மனைவியும் ஆகிறார்கள். அவர்களுக்கு ஒசிரிஸ், ஐசிஸ், சேத், நெப்தீஸ் என்று நான்கு பிள்ளைகள். மொத்தம் ஒன்பது பேர். ஹீலியோபொலிஸ் நகரத்துப் பூசாரிகளின் கணக்கு இது. படத்தில் தாங்கி நிற்பவன் ஷூ, அதாவது அவளுடைய அப்பா. கீழே கிடப்பவன் கெப்.

கரும்பலகையில் போடும்போது மாணவர்கள் "அண்ணன் தங்கை கல்யாணமா?" என்று கேட்பார்கள். உலகத்தில் வேறு யாருமே இல்லாத நேரம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாம் பூமித்தாய் என்கிறோம், நிலமகள் என்கிறோம். எகிப்தில் மட்டும் ஏன் வானம் பெண், பூமி ஆண்?

நல்ல கேள்வி. கிரேக்கரிடமும் யுரேனஸ் என்ற வானம் ஆண், கையா என்ற பூமி பெண். வேதத்திலும் த்யௌஸ் தந்தை, பிருதிவி தாய். எகிப்து தலைகீழ்.

முதல் காரணம் இலக்கணம். தமிழில் வானமும் மண்ணும் அஃறிணை. பேச்சு அங்கேயே முடிந்தது. எகிப்திய மொழியில் அஃறிணை கிடையாது. எந்தப் பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தே ஆக வேண்டும். வானத்துக்கான 'பெத்' பெண்பால்; நிலத்துக்கான 'தா' ஆண்பால்.

இரண்டாவதாக மழையைச் சொல்வார்கள். மழை பெய்யும் ஊரில் வானம் விதைக்கிறது, மண் கருத்தரிக்கிறது என்று நினைப்பது இயல்பு. மேல் எகிப்தில், அதாவது தெற்கில், மழை என்பது அபூர்வம். தண்ணீர் நைலிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகிறது. வளம் மண்ணோடு வருவதால் மண் ஆணாயிற்று என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இதை முழுதாக நம்பவில்லை. அதே எகிப்தில் வானத்தை ஹோரஸ் என்ற ஆண் வல்லூறாகவும் கண்டார்கள். சூரியனும் சந்திரனும் அதன் இரு கண்கள். மழை இல்லாததுதான் காரணம் என்றால் அந்த வல்லூறு எங்கிருந்து வந்தது? எனக்கு இலக்கணமே போதும்.

கேள்வி: என் ஏழு வயது மகள் கேட்கிறாள்: சூரியனை விழுங்கினால் வாய் சுடாதா?

குழந்தைக்கு என் முத்தம். தூங்கப்போகும் சூரியனுக்குச் சூடு குறைவு என்று சொல்லுங்கள். எகிப்தியரும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்திருந்தார்கள். காலையில் சூரியன் கெப்ரி என்ற வண்டு, உச்சியில் ரா, மாலையில் தளர்ந்த கிழவராக ஆத்தும். அந்தக் கிழவர் மேற்கில் நூட்டின் வாய்க்குள் போகிறார். இரவின் பன்னிரண்டு மணி நேரமும் அவள் உடலுக்குள் பயணம். விடியலில் கிழக்கே அவள் தொடைகளுக்கு நடுவிலிருந்து குழந்தையாகப் பிறக்கிறார். விடியற்காலை வானம் சிவப்பதைப் பிரசவத்தோடு சேர்த்துப் பேசும் வரியும் பழைய உரைகளில் உண்டு. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: ஆனால் இரவில் சூரியன் பாதாளத்தில் படகில் போகிறது என்றுதானே மற்ற புத்தகங்களில் இருக்கிறது? எது சரி?

இரண்டும் சரி. ஒரே மன்னனின் கல்லறையில் சுவரில் சூரியன் துவாத் என்னும் கீழுலகில் படகேறிப் போகும். நிமிர்ந்து பார்த்தால் கூரையில் நூட்டின் வயிற்றுக்குள் போகும். வரைந்தவனுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. நமக்குத்தான் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும் பரீட்சைப் புத்தி.

கேள்வி: நூட்டைப் பெண்பன்றியாகவும் வரைந்தார்கள் என்கிறார்களே. ஒரு தெய்வத்தை இப்படி இழிவுபடுத்துவார்களா?

இழிவு என்பது நாம் கொண்டுபோய் வைப்பது. எனக்கு நூட் கதைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அபிடோஸில் முதலாம் சேத்தி மன்னன் (கி.மு. 1290 வாக்கில் அரியணை ஏறியவன்) கோயிலுக்குப் பின்னால் ஒசிரியான் என்றொரு பாதாளக் கட்டடம் இருக்கிறது. அதன் கூரையில் பெரிய நூட் உருவம். அவள் உடலைச் சுற்றிலும் சின்னச் சின்னக் குறிப்புகள். எந்த நட்சத்திரம் எப்போது மறையும், எப்போது மீண்டும் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன்று ஆய்வாளர்கள் அதை 'நூட் நூல்' என்கிறார்கள். சுமார் 1400 ஆண்டுகள் கழித்து, கி.பி. 2-ம் நூற்றாண்டில், தெப்துனிஸ் ஊர்ப் பூசாரிகள் அதே உரைக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதிவைத்திருக்கிறார்கள். மூலமும் உரையும் நமக்குப் பழகிய விஷயம்தானே. அந்த பாப்பிரஸை (நாணல் தாள் சுவடியை)ப் பற்றிப் படித்தபோது வீட்டு ஆட்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த உரையில் ஒரு குடும்பச் சண்டை வருகிறது. நட்சத்திரங்கள் நூட்டின் பிள்ளைகள். அவை மறையும்போது அவள் வாய்க்குள் போகின்றன. கெப்புக்குக் கோபம் வந்துவிடுகிறது: பெற்ற பிள்ளைகளைத் தின்கிறாளே! அவளுக்கு 'தன் குட்டிகளைத் தின்னும் பன்றி' என்ற பெயரே வந்துவிடுகிறது. பன்றி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஈன்ற பன்றி சில சமயம் தன் குட்டியைத் தின்றுவிடும். எகிப்திய விவசாயி பட்டியில் பார்த்ததை வானத்தில் ஏற்றிவைத்தான். கடைசியில் அப்பா ஷூ நடுவில் வந்து, "அவளோடு சண்டை போடாதே, தின்றவற்றை அவள் மறுபடி பெறுவாள், அவை பிழைத்திருக்கும்" என்ற பொருளில் சமாதானம் சொல்கிறார். மாமனார் பஞ்சாயத்து.

பெண்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் உருவத்தில் சின்னச் சின்னத் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன. தின்னும் வாயும் பால் கொடுக்கும் மடியும் ஒரே உடலில் இருப்பது அவர்களுக்கு உறுத்தவில்லை.

இதற்குள் கறாரான வானியலும் இருக்கிறது. வானத்தை 36 நட்சத்திரக் கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள். எந்த நேரத்திலும் 29 கூட்டங்கள் வானத்தில் வேலையில் இருக்கும், 7 மறைந்திருக்கும். ஒரு கூட்டம் மறைந்திருக்கும் காலம் 70 நாட்கள். மம்மி செய்து முடிக்கவும் அதே 70 நாட்கள்தான். நட்சத்திரம் விழுங்கப்பட்டு எழும் கால அளவை மனித உடலுக்கும் கொடுத்தார்கள்.

கேள்வி: ஐந்து நாட்களைச் சூதாடி ஜெயித்த கதையைச் சொல்லுங்கள் அக்கா. செனெத் ஆட்டத்தில் நிலவுக் கடவுள் கோன்சுவைத் தோற்கடித்ததாகக் காணொளிகளில் சொல்கிறார்கள்.

காணொளிகளில் சொல்வது பாதி சரி. கதை இது: சூரியக் கடவுள் நூட்டுக்கு ஒரு சாபம் கொடுக்கிறார். எந்த மாதத்திலும் எந்த ஆண்டிலும் அவள் பிள்ளை பெறக் கூடாது. ஞானக் கடவுள் தோத் அவளுக்காக நிலவோடு காய் ஆடி, நிலவின் ஒளியில் ஒரு பங்கை வென்று, அதைச் சேர்த்து ஐந்து நாட்கள் செய்கிறார். ஆண்டுக்கு அப்போது 360 நாட்கள். இந்த ஐந்தும் எந்த மாதத்திலும் சேராதவை. சாபத்தின் ஓட்டை அங்கேதான். நூட் நாளுக்கு ஒன்றாகப் பெற்றுவிடுகிறாள்: ஒசிரிஸ், மூத்த ஹோரஸ், சேத், ஐசிஸ், நெப்தீஸ். (மேலே குடும்பக் கணக்கில் நான்கு பிள்ளைகள் என்றேன், இங்கே ஐந்து, பட்டியல்கள் இப்படித்தான் நெகிழும்.) மூன்றாம் நாளில் சேத் தாயின் விலாவைக் கிழித்துக்கொண்டு வந்தானாம். அன்று மன்னர்கள் ராஜகாரியம் எதுவும் பார்ப்பதில்லை என்றும் கதை சொல்கிறது.

இனி அந்த மறுபாதி. இந்த வடிவத்தை நமக்குச் சொன்னவர் எகிப்தியர் அல்ல, புளூட்டார்க் என்ற கிரேக்கர்; கி.பி. 100-ஐ ஒட்டிய காலம். அவர் நூட் என்றே எழுதவில்லை, ரேயா என்று கிரேக்கப் பெயரைப் போடுகிறார், தோத்துக்கு ஹெர்மீஸ். நிலவுக்கு அவர் தருவது செலினி என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர். கோன்சு அங்கே இல்லவே இல்லை. ஆட்டமும் பொதுவாகக் காய் நகர்த்தும் ஆட்டம்தான். செனெத் என்று பெயர் சொல்லவில்லை. இரண்டையும் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள்.

இன்னொரு நுணுக்கம். அவர் நூலில் நிலவு தோற்றது எழுபதில் ஒரு பங்கு என்று இருக்கிறது. 360-ஐ 70-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்துக்குக் கொஞ்சம் மேலே போகும். 72-ஆல் வகுத்தால் சரியாக ஐந்து. அதனால் பதிப்பாசிரியர்கள் பலர் எழுபத்திரண்டு என்று திருத்திப் படிக்கிறார்கள்.

சூதாட்டக் கதை பிற்காலத்தில் நமக்குக் கிடைத்தாலும் அந்த ஐந்து நாட்கள் மிகப் பழையவை. புளூட்டார்க்குக்கு 2300 ஆண்டுகளுக்கு முந்தைய பிரமிடு உரைகளிலேயே (பிரமிடுகளின் உள்சுவர்களில் எழுதியவை), தெய்வங்கள் பிறந்த ஐந்து நாட்கள் என்று வந்துவிடுகின்றன. மாதத்துக்கு 30 நாள், 12 மாதம், மேலே ஐந்து. லீப் ஆண்டு கிடையாது, அதனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் காலண்டர் பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. கி.மு. 238-ல் மூன்றாம் தாலமி காலத்தில் ஆறாவது நாள் ஒன்றைச் சேர்க்க ஆணை போட்டார்கள், நடைமுறையில் ஒட்டவில்லை. நூட்டுக்கு ஆறாவது பிள்ளை இல்லையே, யார் பிறந்த நாள் என்று கொண்டாடுவது? இது என் வேடிக்கை விளக்கம், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நூட் ஏன் ஆடையில்லாமல் இருக்கிறாள்? வீட்டில் மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

எகிப்தின் மற்ற தேவியர் பெரும்பாலும் உடலை ஒட்டிய நீண்ட ஆடையில்தான் வருவார்கள், இவள் விதிவிலக்கு. வானத்துக்கு எதைப் போர்த்துவது? சில இடங்களில் நட்சத்திரங்களே ஆடை. தெந்தெரா கோயிலில் தண்ணீர் அலைக்கோடுகள் நெய்த ஆடை உடுத்தியிருக்கிறாள். மாமியார் வந்துபோகும் வீடு என்றால் தெந்தெரா படத்தை வாங்குங்கள்.

கேள்வி: வானத்தைப் பசுவாக வரைந்தது ஹாத்தோரையா, நூட்டையா? குழப்பமாக இருக்கிறது.

இருவரையும்தான். ஆனால் பசு வடிவ நூட்டுக்குத் தனிக் கதை உண்டு. மனிதர்கள் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று கிழட்டு ரா தன் கண்ணை ஹாத்தோர் என்ற தேவியாக்கி ஏவிவிடுகிறார். அவள் வெறிபிடித்துக் கொன்று குவிக்கிறாள். மனிதகுலமே மிஞ்சாது போலிருக்கவே, 7000 ஜாடி பீரைச் சிவப்பாக்கி வயலில் ஊற்றுகிறார்கள். இரத்தம் என்று நினைத்துக் குடித்து, போதையில் ஆளை அடையாளம் தெரியாமல் திரும்பிவிடுகிறாள்.

இதோடு பலரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கடுத்த காட்சிதான் முக்கியம். ராவுக்கு உலகமே அலுத்துவிடுகிறது, நூட் பசுவாகிறாள், அவள் முதுகில் ஏறி உயரே போய்விடுகிறார். உயரம் கூடக்கூட அவளுக்குக் கால்கள் நடுங்க ஆரம்பிக்கின்றன. பயந்துபோன வானம்! உடனே காலுக்கு இருவராக எட்டுப் பேர் பிடித்துக்கொள்ள, ஷூ வயிற்றுக்குக் கீழே நின்று தாங்குகிறார். இந்த உரையின் மிகப் பழைய பிரதி துத்தன்காமன் மன்னனின் சவப்பெட்டியைச் சூழ்ந்திருந்த, தங்கத் தகடு போர்த்திய வெளிக்கூண்டில் இருக்கிறது. 1922-ல் கண்டுபிடித்த அதே கல்லறை. முதலாம் சேத்தியின் கல்லறையில் பசுவின் படம் இன்னும் தெளிவு: அடிவயிற்றில் வரிசையாக நட்சத்திரங்கள், சூரியனின் படகு, கால்களைக் கட்டிப்பிடித்த குட்டித் தெய்வங்கள்.

கேள்வி: நூட் என்பது பால்வெளிதான் என்று ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா?

செய்தி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக வானியலாளர் ஓர் கிராவுர் 2024-ல் ஒரு கட்டுரை எழுதினார். குளிர்காலத்தில் பால்வெளி நூட்டின் விரித்த கைகளையும் கோடையில் அவள் முதுகெலும்பையும் நினைவூட்டியிருக்கலாம் என்றார். 2025-ல் அவரே 555 சவப்பெட்டிகளில் தேடி, நூட்டின் 125 படங்களை எடுத்து ஆராய்ந்தார். சில படங்களில் அவள் உடலின் குறுக்கே நெளிந்து போகும் ஒரு கருங்கோட்டைப் பால்வெளியின் நடுவிலுள்ள இருண்ட பிளவோடு ஒப்பிட்டார். அந்த நெளிகோடு மிகச் சில படங்களில்தான் இருக்கிறது; ஆகவே நூட்டும் பால்வெளியும் ஒன்றல்ல, அவள் உடலை அலங்கரிக்கும் பலவற்றில் பால்வெளியும் ஒன்று என்று முடித்தார். கிடைத்த சான்று தன் முதல் யோசனையைத் திருத்தியபோது அதை ஒளிக்காமல் எழுதினார் பாருங்கள், அதற்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

கேள்வி: தெந்தெராவில் மின்விளக்கு படம் இருக்கிறதாமே, நூட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது விளக்கும் இல்லை, தாமரைப் பூவிலிருந்து எழும் பாம்பு. அடுத்த கேள்வி.

கேள்வி: நூட்டுக்குக் கோயில் எங்கே இருக்கிறது?

அவளுக்கென்று பெருங்கோயில் எதுவும் இல்லை. ஊர் ஊராகத் திருவிழா கண்ட தெய்வம் அல்ல அவள். மற்ற தெய்வங்களின் கோயில் கூரைகளில் இருக்கிறாள். அதைவிட அதிகமாகச் சவப்பெட்டிகளில் இருக்கிறாள். கீழே அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: சவப்பெட்டி மூடியில் வான்தேவியை வரைவது ஏன்? பயமாக இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பிரமிடு உரைகள் இறந்த மன்னனைப் பார்த்து நேரடியாகவே பேசுகின்றன: உன்னை உன் தாய் நூட்டிடம் கொடுத்தாயிற்று, கல்பேழை என்பதும் அவள் பெயர், சவப்பெட்டி என்பதும் அவள் பெயர், கல்லறை என்பதும் அவள் பெயர். இதைக் கவிதைக்காகச் சொல்லவில்லை. மரப்பெட்டிக்குள் உடலை வைப்பது அவர்களுக்குக் கருப்பைக்குள் வைப்பது. மாலையில் சூரியன் போகும் அதே இடம். காலையில் சூரியன் வரும் அதே வழி.

முதலில் இது மன்னனுக்கு மட்டும். கி.மு. 2350 வாக்கில் சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் சுவர் முழுக்க எழுத்து, கூரை முழுக்க ஐந்து முனை நட்சத்திரங்கள். பிறகு அதிகாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் இறங்கி வந்தது. மூடியின் உள்பக்கத்தில் நூட்டை முழு நீளத்துக்கு வரைந்தார்கள், கைகளை விரித்தபடி. மூடியைப் போட்டால் அவள் அந்த உடலின் மேல் கவிழ்ந்து படுக்கிறாள். வெளியில் இருப்பவர் யாரும் அந்தப் படத்தை இனிப் பார்க்கப்போவதில்லை. உள்ளே இருப்பவருக்கு மட்டும் வரைந்தது.

"என்மேல் கவிழ்ந்து என்னை உன்னுள் இருக்கும் அழியாத நட்சத்திரங்களுக்கு நடுவில் வை" என்ற வேண்டுதல் மூடிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அழியாத நட்சத்திரங்கள் என்றால் அடிவானத்தில் ஒருபோதும் மறையாதவை. வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பவை. இது எகிப்தியருக்குக் கண்ணால் கண்ட உண்மை. கெய்ரோ அருகே துருவம் அடிவானத்துக்கு 30 பாகை மேலே நிற்கும்; அந்தக் காலத்தில் சப்தரிஷி மண்டலம் அங்கே மறைந்ததே இல்லை. சென்னையில் துருவம் 13 பாகைதான். நம் ஊரில் சப்தரிஷிகளும் அஸ்தமிப்பார்கள். தமிழ்நாட்டில் நின்று பார்த்தால் அந்த வேண்டுதலின் பாதி பொருள் புரியாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் ராம்சேஸின் மகன் மெர்னெப்தா தனக்கெனச் செய்துகொண்ட சிவப்புக் கிரானைட் பேழை ஒன்று, நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து முதலாம் சுசென்னெஸ் என்ற மன்னனின் உடலை மூட வடக்கே தானிஸ் ஊருக்குப் போய்விட்டது. பழைய கல்லறைகளின் பொருள்களை எடுத்துப் புழங்கிய காலம் அது. 1940-ல் பியர் மோன்டே என்ற பிரெஞ்சு அகழ்வாய்வாளர் அதைத் திறந்தார். உலகம் போரில் இருந்ததால் துத்தன்காமனுக்கு வந்த புகழ் இதற்கு வரவில்லை. அந்தக் கனத்த மூடியின் அடிப்பக்கத்தில், நட்சத்திரங்களோடு நூட் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறாள், கீழே பார்த்தபடி. பேழையின் உள்ளே கறுப்புக் கிரானைட் பெட்டி, அதற்குள் வெள்ளிப் பெட்டி, அதற்குள் தங்க முகமூடி. யாருக்காகச் செதுக்கினார்களோ அவன் இல்லை. வந்து படுத்தவன் வேறொருவன். கீழே கிடப்பவன் யாராக இருந்தாலும் அவள் வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று: கி.பி. 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்ஸ் நகர அதிகாரி சோட்டர் என்பவரின் பெட்டி. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக்காலம், பெயரோ கிரேக்கம். மூடிக்குள் அதே நூட், அவளைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகள். ஆடு, காளை, நண்டு, தேள் என்று நம் பஞ்சாங்கத்தில் உள்ள அதே உருவங்கள். அவை பாபிலோனில் கிளம்பி கிரேக்கர் வழியாக இரு பக்கமும் பரவியவை. பிரமிடுக் காலத்திலிருந்து 2400 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆட்சி, மொழி, வானியல் எல்லாம் மாறின. மூடிக்குள் இருக்கும் தாய் மாறவில்லை.

கேள்வி: மரத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் ஒரு பெண் படமும் நூட் என்கிறார்கள்?

ஆம். இறந்தவர் வெயிலில் களைத்து வருவார் அல்லவா? மரத்துக்குள்ளிருந்து எழுந்து தண்ணீரும் உணவும் கொடுப்பாள். தேர் எல் மெதினாவில் செந்நெஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில் இந்தப் படம் இருக்கிறது; கி.மு. 13-ம் நூற்றாண்டு. 1886-ல் திறந்தார்கள். அந்த மரம் நம் அத்தியின் உறவுக்காரி. காய் தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அத்தி நிழலில் செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தவருக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: அடுத்த ஆண்டு எகிப்துக்குப் போகிறோம். எங்கே பார்க்கலாம்?

ஒரே இடம் என்றால் லக்சரில் மன்னர்கள் பள்ளத்தாக்கில் ஆறாம் ராம்சேஸ் கல்லறை. அதற்குத் தனி டிக்கெட் கேட்பார்கள், யோசிக்காமல் வாங்குங்கள். உள் அறையின் கூரையில் இரண்டு நூட்கள் முதுகோடு முதுகாக நீண்டு கிடக்கிறார்கள், ஒருத்தி பகல், ஒருத்தி இரவு. கருநீலப் பின்னணியில் மஞ்சள் உடல்; உள்ளே சிவப்புச் சூரிய வட்டங்கள். நான் போனபோது அண்ணாந்து பார்த்தே பிடரி பிடித்துக்கொண்டது; இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். ஒரு கைக்கண்ணாடி கொண்டுபோய்க் குனிந்தபடி பாருங்கள்.

லக்சருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் தெந்தெரா. பல நூற்றாண்டு அடுப்புக்கரிப் புகையைத் துடைத்து எடுத்தபின் முன்மண்டபக் கூரை நீலமாக மின்னுகிறது. உள்ளே சிறிய அறை ஒன்றில் நூட் சூரியனைப் பெற்றெடுக்க, அதன் கதிர்கள் ஹாத்தோரின் தலைமேல் விழும். அதைத் தவறவிடாதீர்கள். லண்டனில் உறவினர் இருந்தால் கிரீன்ஃபீல்ட் பாப்பிரஸ் பற்றிக் கேட்டு வையுங்கள். 37 மீட்டர் நீளம், கி.மு. 950 வாக்கில் ஒரு பூசாரிப் பெண்மணிக்காக எழுதியது. நான் பகிர்ந்த படம் அதிலிருந்து எடுத்ததுதான். ஷூவின் கை வலிக்குமே என்று இருபுறமும் ஆட்டுத்தலைத் தெய்வங்கள் முட்டுக் கொடுப்பதைக் கவனித்தீர்களா?

கேள்வி: பாட்டி, நான் ஏழாம் வகுப்பு. சார்ட்டில் நூட் படம் வரைகிறேன். தலை எந்தப் பக்கம் வர வேண்டும்?

தலை மேற்கு, கால் கிழக்கு. சூரியன் மறையும் பக்கம் வாய் இருக்க வேண்டும் அல்லவா? பழைய படங்களில் இரு பக்கமும் பார்த்திருக்கிறேன், அதனால் ஆசிரியர் எதற்கும் மதிப்பெண் குறைக்க முடியாது. ஆனாலும் எகிப்தியர் மாதிரியே செய்ய வேண்டும் என்றால் தலையை வலப்பக்கம் போடு. நீ வரைபடத்தில் வடக்கை மேலே வைத்துப் பழகியவன், அதனால் மேற்கு உனக்கு இடப்பக்கம். அவர்கள் நைல் வரும் தெற்கைப் பார்த்து நின்று திசை சொன்னார்கள். தெற்கைப் பார்த்து நின்றால் மேற்கு வலக்கைப் பக்கம் வரும். அவர்கள் மொழியில் மேற்குக்கும் வலத்துக்கும் சொல்லே ஒன்றுதான். விரல் நுனியும் கால் நுனியும் தாளின் அடிக்கோட்டைத் தொட வேண்டும், மறந்துவிடாதே. வரைந்து முடித்ததும் அம்மாவிடம் சொல்லி எனக்கு ஒரு படம் அனுப்பச் சொல்.